தாமான் நெகாராவில் அட்டைக்கடியைச் சமாளித்த விதம்
கோலாலம்பூரைச் சுற்றிப் பார்த்த பின், நண்பர்கள் நால்வருடன் தெம்பெலிங் ஆற்றங்கரையிலுள்ள கோலா தஹானுக்குச் சென்று, 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் மழைக்காட்டில், இரவு மழையில் ஊறிய பாதையில் நடந்தோம். அரை மணி நேரத்தில் என் கணுக்காலில் இரண்டு அட்டைகள் பருத்துத் தொங்கின. பதற்றத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தது தவறு; தோல் கிழிந்தது. உப்பைத் தூவினால் குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும் என்பதால், மற்றதன் ஒல்லியான வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளினேன், பிடி விட்டது. அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் இரத்தத்தை உறையவிடாது. ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் நெடுநேரம் அழுத்திய பிறகே கசிவு நின்றது. மறுநாள் கால்சட்டை நுனியை நெருக்கமாக நெய்த நீண்ட காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்தோம். ஒருவரையும் அட்டை கடிக்கவில்லை.