ஹாலில் ஒரே ஒரு சுவருக்குக் கருப்பட்டி நிறம்

தீபாவளிக்குச் சாயம் அடிக்கும்போது மண் நிறம் என்று சொன்னாலே வீட்டில் எல்லோரும், "இருட்டடிச்சுப் போகுமே" என்பார்கள். நாலு சுவருக்கும் அடித்தால் அப்படித்தான் ஆகும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடித்தேன். அதையும் முதல் தடவை சொதப்பினேன்.

படி 1: முதலில் விளக்கு

கடை அட்டையில் அசல் கருப்பட்டியாக இருந்த நிறம், இரவில் என் ஹாலில் நனைந்த சிமெண்டு மாதிரி தெரிந்தது. சாயத்தின் மேல் குற்றமில்லை. நான் மாட்டியிருந்தது 6500 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) வெள்ளை விளக்கு. அதன் ஒளியில் நீலம் தூக்கல், பழுப்புக்குள் இருக்கும் சிவப்பும் மஞ்சளும் அமுங்கிவிடும். 3000 கெல்வின் விளக்கை மாட்டியதும் அதே சுவர் தே தாரேக் (எங்கள் ஊர் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) நிறத்துக்கு வந்துவிட்டது. ஆகவே சாயம் வாங்கும் முன் விளக்கை மாற்றுங்கள்.

படி 2: அட்டையில் அடித்துப் பாருங்கள்

பெரிய அட்டை ஒன்றில் இரண்டு பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பின் சுவரில் சாய்த்து வையுங்கள். ஈரத்தில் நிறத்தை நம்பாதீர்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். புதியவர்களுக்குச் செம்மண் பக்கம் சாயும் பழுப்புதான் நல்லது. சாம்பல் பக்கம் சாய்வது எங்கள் ஊர் மழை நாளில் அழுது வடியும்.

படி 3: சுவர்

உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் சீலர் (சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் சாயம் நிற்காது. பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீர். கால் மணி நேரம் விட்டுக் கழுவிக் காய விடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் பிளீச்சைக் கலக்காதீர்கள். மேல் வீட்டுக் குழாய் ஒழுகினால் அதைச் சரிசெய்யும் வரை சாயத்தைத் தொட வேண்டாம். ஓட்டையெல்லாம் பட்டி வைத்து மணல்தாள் போட்டால் போதும்.

படி 4: எவ்வளவு?

என் சுவர் 12 அடி அகலம், 9 அடி உயரம். சுமார் 10 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு பூச்சுக்கு வரும். அடர் நிறம் சில நேரம் மூன்றாவது பூச்சும் கேட்கும் என்பதால் மூன்று லிட்டர் வாங்கினேன். டின்னுக்கு டின் நிறம் லேசாக மாறலாம். எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பு இல்லாத சாயமே எடுங்கள், சுவரின் மேடு பள்ளம் தெரியாது.

படி 5: அடிப்பது

ஓரங்களைத் தூரிகையால், அப்புறம் நடுவை ரோலரால். பாதிச் சுவரில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். காய்ந்த விளிம்பின் மேல் மறுபடி அடித்தால் பழுப்பில் கோடு அப்படியே தெரியும்.

முதல் பூச்சு திட்டுத்திட்டாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, சாணி மெழுகின மாதிரி இருக்கு?" என்றார். மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு. மழை பெய்தால் இன்னும் பொறுங்கள். அது காய்ந்ததும் அம்மாவே குத்துவிளக்கைக் கொண்டுவந்து அந்தச் சுவரோரம் வைத்துப் பார்த்தார்.

மிச்சச் சாயத்தை மூடி, மூடியின் மேல் நிற எண்ணை எழுதி வையுங்கள். பிள்ளைகள் கை வைக்கும் உயரத்துக்கு ஆறு மாதத்தில் தேவைப்படும்.