மொட்டை மாடி சோலார்: சித்திரையில் தெரியாத நிழல்

போன சித்திரையில் உடுமலைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சோலார் பேனல் போட சைட் பார்க்கப் போனபோது புதுசாய்ச் சேர்ந்த இரண்டு பையன்களைக் கூட்டிப்போனேன். உச்சி வெயில். ஒருத்தன் போன் கேமராவை மாடியைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "நிழலே இல்லண்ணா, எங்க வேணா போட்டுக்கலாம்" என்றான். 2017-இல் என் மாமா வீட்டு மாடியில் நின்று நான் சொன்னதும் இதேதான்.

எர்த் குழி, லூஸ் கனெக்டர், ஒயர் சைஸ் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு மாசம் வேலை பார்த்தால் தானாகப் பழகிவிடும்.

கன்னி மூலை டேங்க்

நம் ஊரில் வாஸ்து பார்த்துக் கட்டிய வீட்டில் தண்ணி டேங்க் எங்கே இருக்கும்? தென்மேற்கு மூலையில். பல வீட்டில் படிக்கட்டு ரூமும் அங்கேதான், அதன் தலைமேல் டேங்க். பேனலோ தெற்குப் பார்த்து வைக்க வேண்டியது. ஆக, டேங்குக்கு வடக்கே பேனல் போய் உட்காரும். வம்பு இங்கேதான் ஆரம்பம்.

சித்திரை ஆரம்பத்தில் நம் பக்கம் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பை நட்டால் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அதே சூரியன் மார்கழியில் தெற்கே சாய்ந்து, நடுப்பகலில்கூட 55 டிகிரி உயரம்தான் ஏறும். மாமா வீட்டில் ரூமும் டேங்கும் சேர்ந்து 13 அடி. மார்கழியில் அதன் நிழல் நடுப்பகலில் 9 அடி, மூன்றரை மணிக்கு 20 அடி. நான் பேனல் போட்டது 10 அடி தள்ளி. சித்திரையில் சாக்பீஸால் கோடு போட்டபோது 10 அடி தாராளமாகத் தெரிந்தது.

கார்த்திகையில் மாமா போன் போட்டார். "மாப்ள, மத்தியானத்துக்கு மேல உன்ற மெசினு தூங்கிப் போகுது."

"மேகமா இருக்குதுங்க மாமா, மழை முடியட்டும்" என்று சமாளித்தேன்.

மார்கழியில் வானம் வெளுத்தது. மெஷின் அப்போதும் தூங்கியது. மூன்று மணிக்கு மாடி ஏறினேன். முன்வரிசையில் நாலு பேனலின் கீழ் ஓரத்தில் வேட்டிக் கரை மாதிரி ஒரு பட்டை நிழல், ஒரு சாண் அகலம். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் 1,500 வாட் காட்ட வேண்டிய நேரத்தில் 600.

ஒரு சாணுக்கா இத்தனை நட்டம் என்று கேட்பீர்கள். பேனலுக்குள் செல்கள் மாலை கோத்ததுபோல் தொடராக இருக்கின்றன. ஒரு செல் இருட்டானால் அந்த வரிசையில் கரண்ட் தடைபடும். அதற்காகத்தான் பேனலை மூன்று பாகமாகப் பிரித்து மூன்று பைபாஸ் டையோடு வைத்திருக்கிறார்கள், நிழல் விழுந்த பாகத்தை மட்டும் கழற்றிவிட. ஆனால் அந்த மூன்று பாகமும் நீளவாக்கில் ஓடுபவை. நான் பேனலை நெட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தேன். கீழ் ஓரத்து நிழல் மூன்று பாகத்தையும் ஒன்றாகத் தொட்டது. முழுப் பேனலும் போச்சு. படுக்கைவாட்டில் வைத்திருந்தால் மூன்றில் ஒன்றோடு தப்பித்திருக்கும். இப்போது வரும் அரை செல் பேனலில் செல்லை இரண்டாக வெட்டி, மேல்பாதி கீழ்ப்பாதி என்று தனித்தனியாகக் கோத்திருப்பார்கள்; கீழ்ப்பாதி போனாலும் மேல்பாதி ஓரளவு வேலை செய்யும். அதை நம்பி நிழலுக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஸ்ட்ரக்சரைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, கிழக்கே நகர்த்தி வைக்க என் கைக்காசு 18,000 ரூபாய். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தை இன்றுவரை விடுவதில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு: பேனலின் கீழ் விளிம்புக்கு மேலே தடுப்பு எத்தனை அடி நிற்கிறதோ, அதைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி வை. வடக்குப் பக்கத்தையும் ஒரு கண் பார். ஆனியில் சூரியன் வடக்கே போய்விடும், அந்தப் பக்கத்துத் தென்னைமரமும் நிழல் தரும். பக்கத்து வீட்டுக் கான்கிரீட் தூணில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த மாடி வரப்போகிறது என்று அர்த்தம். போன் கேமரா இதையெல்லாம் சொல்லாது.

வெயில் கொளுத்தினால் கரண்ட் கொட்டும்

கொட்டாது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை மத்தியானம் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தகர ஷீட்டோடு ஒட்டி வைக்காமல் அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

பேட்டரி இல்லாமல் ஊர் லைனோடு இணைத்த ஆன்கிரிட் என்றால் ஓடாது. கம்பத்தில் லைன்மேன் ஏறியிருப்பார், உங்கள் மாடிக் கரண்ட் லைனில் போய் அவரை அடித்துவிடக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்.

"ராத்திரியும் என் சோலார் கரண்ட்தான்"

நெட் மீட்டர் என்பது லைனுக்குக் கொடுத்ததையும் லைனிலிருந்து எடுத்ததையும் எழுதும் கணக்குப் புத்தகம், பேட்டரி அல்ல. பகலில் உங்கள் வீட்டு மிச்சம் பக்கத்து வீட்டு மிக்ஸியில் ஓடி முடிந்திருக்கும். ராத்திரி உங்கள் ஏசிக்கு வருவதில் நெய்வேலி பழுப்பு நிலக்கரியும் இருக்கும், மேட்டூர் அனல் மின்சாரமும் இருக்கும். ஆடி மாசமென்றால் எங்கள் ஊர்க் காற்றாலையும் சேரும். ஆகையால் வாஷிங் மெஷின், போர் மோட்டார் இரண்டையும் பகலில் போடச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கேட்கமாட்டார். இருந்தாலும் சொல்லுங்கள்.

கழுவுவது

காலையில். மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணியை ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணி போர் என்றால் கழுவியதும் வைப்பரால் வழித்துவிடுங்கள்.