தண்ணீர்க் கான் எங்கே இருக்கிறது?

நெல் மில், சீமெந்துக் கல் அரியும் இடம், தையல் கொட்டில் என எதை நடத்தினாலும், குடிதண்ணீர்க் கானை ஒஃபிஸ் அறையிலிருந்து எடுத்து ஆட்கள் நிற்கும் இடத்திலேயே வையுங்கள். வெக்கையில் 15–20 நிமிடத்துக்கு ஒருக்கால் ஒரு கப், ஏறக்குறைய 250 மில்லிலீற்றர், குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை பார்த்திருந்தால் பிந்திவிடும். அதுவும் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பு வற்றுவதே தெரியாது. நடந்துபோய்க் குடிக்க வேண்டுமென்றால் யாரும் 'பிறகு பார்ப்போம்' என்றுதான் விடுவார்கள். பின்னேரம் தலையிடி, வேலையில் பிழை, அடுத்த நாள் லீவு.

அப்புறம், மலசலகூடத்தையும் ஒருக்கால் போய்ப் பாருங்கள். கதவுக்குக் கொழுக்கி இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கான் நிரம்பியபடியே கிடக்கும். கொழுக்கி பூட்டுவது முதலாளியின் வேலை.

வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பதால் கிணற்றுத் தண்ணீரைவிட ஆர்.ஓ. தண்ணீர் (மெசினில் வடிகட்டிச் சுத்தமாக்கிய தண்ணீர்) நல்லது. தண்ணீரை அளந்து குடிக்கும்படி கிளினிக்கில் சொல்லப்பட்ட சிறுநீரக, இருதய நோயாளருக்கு மேலே சொன்ன அளவு பொருந்தாது. ஆள் தடுமாறி மயங்கினால் தண்ணீர் பருக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.