பிறந்த முதல் 28 நாட்கள்: கட்சிரோலி ஆய்வு காட்டிக்கொடுத்த தவறுகள்

மகாராஷ்டிராவின் கிழக்குக் கோடியில், சத்தீஸ்கர் எல்லையை ஒட்டிய காட்டு மாவட்டம் கட்சிரோலி. டாக்டர் அபய் பங், அவர் மனைவி டாக்டர் ராணி பங் இருவரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, 1980களின் நடுவில் அங்கே போய்க் குடியேறினார்கள். அவர்கள் தொடங்கிய 'சர்ச்' (SEARCH) தொண்டு அமைப்பு, 1995–96இல் 39 கிராமங்களில் பிறந்த 763 குழந்தைகளை வீடு தேடிப் போய்க் கண்காணித்தது. அதில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மருத்துவ உதவி தேவைப்பட்டிருக்கிறது. டாக்டர் கண்ணில் பட்டதோ 100க்கு 3 குழந்தைகள்கூட இல்லை.

தூரமும் வறுமையும் இதற்குக் காரணம்தான். ஆனால் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதே வீட்டில் பலருக்குத் தெரியாமல் போவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. இன்று ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து, ஆம்புலன்ஸ் வசதியும் உள்ள ஊர்களிலும் அந்தத் தவறு நடக்கிறது.

முதல் தவறு, காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது. பெரியவர்களுக்குக் கிருமித் தொற்று என்றால் உடம்பு கொதிக்கும், அனத்தல் இருக்கும். பச்சைக் குழந்தைக்கு அப்படி இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல நேரம் உடம்பு ஜில்லென்று ஆகிவிடும். நேற்றுவரை வீறிட்டு அழுத குழந்தை இன்று ஈனசுரத்தில் முனகும். மார்பில் வைத்தால் நாலு தடவை சப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். கையைத் தூக்கிவிட்டால் துணிபோலத் துவண்டு விழும். பார்க்கிறவர்கள் "சமத்துக் குழந்தை, தொந்தரவே இல்லை, தூங்கிக்கிட்டே இருக்கு" என்பார்கள். இந்த அமைதியைத்தான் நாம் பயந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்காணிப்புக்குப் பிறகு, வீட்டிலேயே சிகிச்சை தரக் கட்சிரோலியில் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளங்களும் ஏறக்குறைய இவைதான்: பால் குடிப்பது குறைவது, அழுகை பலவீனமாவது, கைகால் துவள்வது, உடம்பு சில்லிடுவது, வயிறு உப்புவது, தொப்புளில் சீழ் வைப்பது, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுப்பது. அங்கே சிகிச்சையைத் தொடங்க இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் நமக்கு ஒன்று தெரிந்தாலே போதும், கிளம்பிவிட வேண்டும்.

அடுத்தது மூச்சை எண்ணுவதில் நடக்கும் தவறு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் ஆபத்து. இது தெரிந்தவர்கள்கூட 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிவிடுகிறார்கள். பிறந்த குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. கொஞ்ச நேரம் வேகமாக விடும், சில விநாடி நிற்கும், அப்புறம் மறுபடி தொடங்கும். அதனால் ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுங்கள். 60ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் அதே அளவு இருந்தால் தாமதிக்காதீர்கள்.

கட்சிரோலி மருத்துவச்சிகள் பலருக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. 'இவர்களுக்கு இது வராது' என்று பங் தம்பதி கைவிடவில்லை. ஒரு நிமிட மணல் கடிகாரத்தையும் கம்பியில் கோத்த மணிகளையும் ஒரே சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணிவரை போய்விட்டால் நிமோனியா என்று அர்த்தம். படிப்பில்லாதவரின் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற கருவி அது. அந்த அணுகுமுறைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பழக்கவழக்கத்தில் வரும் தவறுகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. பிறந்த உடனே குளிப்பாட்டாதீர்கள். முதல் நாள் கழியட்டும், எடை குறைந்த குழந்தையென்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். சேனை வைக்கிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தடவாதீர்கள். தொப்புள் கொடியில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். அது காய்ந்து தானாக விழும். பாட்டியோ மாமியாரோ பாசத்தில்தான் செய்கிறார்கள். சண்டை போடாமல், டாக்டர் சொன்னார் என்று பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுவது நல்லது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பதும் தவறுதான். கட்சிரோலி அனுபவத்தை ஒட்டி 2011இல் மத்திய அரசு வீட்டுக்கே வந்து சிசுவைப் பார்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வர வேண்டும். வீட்டில் பிறந்தால் முதல் நாளும் வர வேண்டும். வருபவரை வாசலில் நிறுத்தி, "குழந்தை நல்லாத்தான் இருக்கு, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று அனுப்பிவிடாதீர்கள். குழந்தையின் துணியை விலக்கிக் காட்டுங்கள், எடை பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பவில்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இந்த ஆய்வை அரைகுறையாகப் புரிந்துகொள்வதிலும் ஒரு தவறு இருக்கிறது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த முடிவுகளின்படி, அந்த 39 கிராமங்களில் பிறந்த 28 நாளுக்குள் ஏற்படும் மரணம் 1000க்கு 62இல் இருந்து 25 அளவுக்கு இறங்கியது. கிருமித் தொற்று வந்த குழந்தைகளில் இறந்தவர்கள் 100க்கு 16.6 என்பதிலிருந்து 2.8 ஆனார்கள். கிராமத்துப் பெண்களே ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள் என்பதால், 'ஊசிதான் மந்திரம்' என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி, வீடுவீடாகத் திரும்பத் திரும்பப் போவது, தாய்ப்பாலுக்கு உதவுவது, குழந்தையைக் கதகதப்பாக வைப்பது, மேற்பார்வை எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத இடத்தில், பயிற்சி பெற்றவர்கள் செய்த வேலை அது. அதைக் காட்டி மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி ஊற்றுவதற்கோ, தெருமுனையில் ஊசி போடுவதற்கோ நியாயம் தேடக் கூடாது.

சரி, ஆபத்து அறிகுறி தெரிந்துவிட்டது. 108ஐ அழையுங்கள். போகும் வழியில் குழந்தையைத் தனியாகச் சுற்றி மடியில் கிடத்தாமல், டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு அம்மாவின் வெறும் மார்போடு அணைத்து, மேலே போர்வை போர்த்துங்கள். முகம் வெளியே தெரியட்டும். சப்பிக் குடிக்கிறதென்றால் பால் கொடுங்கள், இல்லையென்றால் பாலாடையால் புகட்டாதீர்கள். கடைசியாக எப்போது நன்றாகப் பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது, பிறந்த எடை எவ்வளவு, இந்த மூன்றையும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.