பெயரை விட்டேன், எண்ணைப் பிடித்தேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமூகவியல் முனைவர் பட்டத்துக்காகத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுக்கிறேன். கரும்புத் தோட்டத்தை விட்டுக் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் குடியேறி, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் அங்கிருந்தும் பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள். பெரியவர்கள் சொல்வதை ஆவணத்தோடு பொருத்துவதுதான் பெரும்பாடு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியலில் முனிசாமிகள் ஏராளம். அதே ஆள் வேறொரு ஏட்டில் மூன்சாமி ஆகிவிடுகிறார்.

ஓர் ஆயா தம் பாட்டனாரின் விடுதலைச் சீட்டை, அதாவது ஒப்பந்தக் காலம் முடிந்ததற்கான சான்றை, காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, பெயர் பாதி அழிந்திருந்தது. எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். 1860 முதல் 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. பெயரின் எழுத்து எப்படி மாறினாலும் எண் மாறாது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பழைய சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் வரிசையாகக் கிடைக்கின்றன. அவற்றை வீட்டார் சொன்னதோடு ஒப்பிடுகிறேன். முரண்பட்டால் இரண்டையும் எழுதிவைக்கிறேன். ஏடு சொல்வதே சரி என்று நான் ஒருபோதும் முடிவு கட்டுவதில்லை, ஏனென்றால் அதை எழுதியவன் அந்த மனிதர்களைச் சரக்காகவே பார்த்தான்.

ஆய்வேட்டில் எண்ணை அச்சிடுவதற்குக் குடும்பத்தாரிடம் தனியாக அனுமதி வாங்குகிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அங்கே ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.