தெளிந்த நீரும் உலோகம் நீங்கிய நீரும் ஒன்றல்ல

கலங்கிய நீரைக் குடத்தில் ஊற்றி, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளிந்துவிடும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். கோவை, ஈரோடு வட்டாரக் கல்லூரி மாணவர்கள் இப்போது கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது), ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுப்பது), முருங்கை விதைப் புரதம் போன்ற இயற்கைப் பலபடிகளை (பாலிமர்களை) கொண்டு நீரிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத வெள்ளி, துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைத் திரட்டி நீக்க முயல்கின்றனர். கிருமி எதிர்ப்புப் பூச்சுக்காக இத்துகள்கள் துணிகளில் சேர்க்கப்படுவதால், பின்னலாடைத் தொழில் நிறைந்த இப்பகுதிக்கு இது பொருத்தமான ஆய்வே. ஆனால் குடத்து மண்ணுக்குப் பொருந்திய கண்ணளவு நானோ துகளுக்குப் பொருந்தாது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் நேர்ந்தவை.

வெள்ளி நானோ துகள் கரைசல் மஞ்சளாக இருப்பதற்கு அது 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை உறிஞ்சுவதே காரணம். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டாலும், கரைந்து அயனியாக மாறினாலும் அந்த நிறம் மங்கிவிடும். எனவே நிறம் போனதை வைத்து உலோகம் போய்விட்டது என்று எழுதுவது தவறு. அடுத்ததாக, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த நீரைக் கரைந்த பகுதி என்று கணக்கிடுவார்கள். 0.45 மைக்ரான் என்பது 450 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகள் அதன் வழியே தடையின்றிப் போய்விடும். துகளையும் அயனியையும் பிரித்தறிய, அதைவிடப் பன்மடங்கு நுண்ணிய துளையுள்ள சவ்வு வடிகட்டல் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) வேண்டும். பின்னர் அமிலத்தில் செரித்து மொத்த உலோகத்தையும் அளக்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: உப்பு மிகுந்த நீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்தால் வெள்ளி, குளோரைடாக வீழ்படிந்து, அளவு குறைந்ததுபோல் காட்டக்கூடும். குடிநீரில் வெள்ளிக்கு இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 10500 வகுத்துள்ள லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற வரம்பு மிகச் சிறியதாகையால், இத்தகைய பிழை முடிவையே மாற்றிவிடும்.

இவற்றைவிடப் பெரிய தவறு ஒப்பீட்டுச் சோதனை வைக்காமல் விடுவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், கைட்டோசான் சேர்த்தபோது காய்ச்சி வடித்த நீரில் அரைகுறையாக நடந்த துகள் திரட்டல், திருப்பூர்ப் பக்கத்துச் சாயக் கழிவுநீரில் அபாரமாக நடந்ததாக மகிழ்ச்சியோடு வந்தார். கைட்டோசான் சேர்க்காமல் அதே நீரில் ஒரு குடுவை வைக்கச் சொன்னேன். அதிலும் துகள்கள் திரண்டு அடியில் கிடந்தன. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏறுவதற்கு உப்பைக் கொட்டுவார்கள் என்பதால் அக்கழிவுநீர் உப்பு நிறைந்தது. சிட்ரேட் (சிட்ரிக் அமில உப்பு) பூசிய துகள்கள் எல்லாம் ஒரேபோல் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி நிற்பவை. உப்பும் நம் ஆழ்துளைக் கிணற்று (போர்) நீரில் மிகுந்துள்ள கால்சியம், மெக்னீசியமும் அந்த விலக்கலைத் தணித்துவிட, அவை தாமாகவே கூடிவிடுகின்றன. நீரின் வேலையைக் கைட்டோசானின் கணக்கில் எழுதியிருந்தோம். நொய்யல் ஆற்று நீர், போர் நீர், காய்ச்சி வடித்த நீர் என ஒவ்வொன்றுக்கும் பலபடி சேராத குடுவை ஒன்று தனியே இருந்தாக வேண்டும்.

பலபடியின் மின்னூட்டம் என்ன என்று கேட்காமல் கையில் கிடைத்ததைப் போடுவதும் வழக்கம். கைட்டோசானின் அமீன் தொகுதிகள் பிஎச் 6.5-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும்தான் போதிய நேர் (பாசிட்டிவ்) மின்னூட்டம் பெற்று, எதிர் மின்னூட்டமுள்ள துகளைப் பற்றும். பிஎச் 8-ஐ நெருங்கும் போர் நீரில் அது தானே நூலாகப் பிரிந்து மிதக்கும். ஆல்ஜினேட்டோ எதிர் மின்னூட்டம் உடையது; கால்சியத்தின் துணையின்றி சிட்ரேட் பூசிய துகளோடு சேராது. பாலிவினைல் பைரோலிடோன் என்ற செயற்கைப் பலபடி பூசிய துகள்கள் மின்னூட்டத்தைப் பெரிதும் நம்பியிராமல் பூச்சின் தடிமனாலேயே விலகி நிற்பவை. அவற்றின் முன் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் கணக்கு அவ்வளவாக எடுபடாது. கைட்டோசானை அசிட்டிக் அமிலத்தில் கரைத்துத் தாராளமாக ஊற்றினால் நீரின் பிஎச் இறங்கி, துத்தநாக ஆக்சைடு கரைந்து அயனியாகிவிடும். அமில நிலையில் கைட்டோசான் அந்த அயனியைச் சரிவரப் பற்றாது. துகளை நீக்கப் போய் அதைக் கரைத்துவிட்டோம் என்பது தெரியாமலே நீர் பளிங்குபோல் நிற்கும்.

அளவு கூடினால் பயனும் கூடும் என்று எண்ணவேண்டாம். மிகையான பலபடி ஒவ்வொரு துகளையும் சுற்றிப் போர்த்தி, எதிர் மின்னூட்டத்தை நேர் மின்னூட்டமாகத் திருப்பிவிடுவதால் திரண்டவை மீண்டும் பிரிந்து நீர் கலங்கும். லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராமில் தொடங்கி, ஒரே நீரைப் பல ஜாடிகளில் எடுத்து வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் ஜாடிச் சோதனையில் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பதே முறை. முதலில் ஒரு நிமிடம் வேகமாகவும், அதன்பின் 15 முதல் 20 நிமிடம் மெதுவாகவும் கலக்க வேண்டும். முழு நேரமும் வேகமாகக் கலக்கினால் உருவான திரட்சி சிதைந்துபோகும்.

அரவக்குறிச்சிப் பக்கம் எளிதில் கிடைக்கும் முருங்கை விதையை அரைத்து அப்படியே போடுவோரும் உண்டு. எண்ணெயையும் மாவையும் நீக்காமல் போட்டால் நீரில் கரிமச் சத்து ஏறி, ஓரிரு நாளில் நாற்றமெடுக்கும். புதிதாக எடுத்த சாற்றை அன்றன்றே பயன்படுத்துவது நல்லது.

இறுதியாக அடியில் தங்கும் கசடு. இயற்கைப் பொருள்தானே என்று அதைத் தென்னந்தோப்பில் கொட்டுவோர் உள்ளனர். பலபடி மண்ணில் மட்கும், உலோகம் மட்காது. கைட்டோசான் சிதைந்தபின் அதில் சிக்கியிருந்த வெள்ளி மண்ணில் சேரும்; கிணற்றிலும் சேரக்கூடும். ஆகவே கசடை உலர்த்தி, எடையும் உலோக அளவும் குறித்து, அபாயகரக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். நீரில் குறைந்த உலோகமும் கசடில் சேர்ந்த உலோகமும் ஏறத்தாழ ஒத்துவரவில்லை என்றால், மீதி வடிதாளிலோ குடுவையின் சுவரிலோ ஒட்டியிருக்கும். அங்கே தேடாமல் நீக்கச் சதவீதத்தை எழுதக்கூடாது.