பவளத்தோடு வந்த நண்டு: அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு வாங்கிய புதுப் பவளத்தின் கிளைக்குள் ஒரு நண்டு தெரிந்ததும் இடுக்கியைத் தேடுகிறோமே, அதுதான் முதல் தவறு. போசிலோபோரா, ஸ்டைலோஃபோரா, அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களில் டிரபீசியா, டெட்ராலியா வகை நண்டுகள் குடியிருக்கும். பவளம் சுரக்கும் சளிதான் அவற்றுக்குச் சாப்பாடு. பதிலுக்குக் கிளைகளில் படியும் மண்டியைத் தள்ளிவிடும். கடலில் பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனையே கிள்ளி விரட்டும், இத்தனைக்கும் நண்டு விரல் நகத்தளவுதான்! அதைக் கொல்வது காவல்காரனைக் கொல்வது.

அடுத்த தவறு, நிறத்தையோ கண்ணையோ பார்த்து முடிவு கட்டுவது. முதுகு ஓட்டையும் கொடுக்கையும் பாருங்கள். டிரபீசியாவின் ஓடு மழமழவென்று பளபளக்கும், முடி இருக்காது. உடலெங்கும் முடி, தடித்த கொடுக்கு, கறுத்த நுனி, பாறைப் பொந்தில் வாசம் என்றால் சந்தேகப்படலாம். அதற்காக முடி இருந்தாலே கெட்டது என்றும் இல்லை. மரகத நண்டின் கால்களிலும் முடி உண்டு, ஆனால் அதன் கொடுக்கு நுனி கரண்டிபோலக் குழிந்திருக்கும், பாசி சுரண்டுவதற்கு. இன்னொரு பக்கம், சைமோ வகை நண்டு அக்ரோபோரா கிளைக்குள்ளேயே இருந்துகொண்டு அதன் சதையைத் தின்னும். ஆகவே இருக்கும் இடத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். கொடுக்கு சளியை வழித்து வாய்க்குக் கொண்டுபோகிறதா, சதையைப் பிய்க்கிறதா என்று தெரியும். அடிப்பகுதி வெளுத்திருந்தால் நண்டின்மேல் பழிபோடும் முன் தொட்டி நீரின் காரத்தன்மையைச் சோதியுங்கள். அது ஏறி இறங்கினாலும் பவளம் அடியிலிருந்து உரியும்.

சரி, பிடித்தே ஆக வேண்டுமா? குச்சியால் குத்தாதீர்கள், கிளை உடையும், நண்டு இன்னும் உள்ளே போகும். ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டு போட்டு, பாறையில் சாய்த்து இரவு முழுக்க வையுங்கள். ஏறி உள்ளே விழும் நண்டால் வழுக்கும் சுவரில் ஏறி வெளியே வர முடியாது. பொந்தில் சோடா பீய்ச்சும் வழியும் உண்டு, ஆனால் பாறையைத் தொட்டிக்கு வெளியே எடுத்துவைத்துத்தான், அதுவும் பவளத்தின்மேல் படாமல்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது டிப் செய்யும்போது, அதாவது புதுப் பவளத்தை மருந்து நீரில் முக்கி எடுக்கும்போது, நடப்பது. பூச்சியை விரட்டும் மருந்து நல்ல நண்டையும் கொல்லும். முதலில் அதை மெதுவாக வெளியே வரவைத்து, தொட்டி நீர் ஊற்றிய கிண்ணத்தில் விடுங்கள். பவளத்தை அலசி முடித்ததும் அதே கிளைக்குத் திருப்பி விடுங்கள். பெரும்பாலும் ஆணும் பெண்ணும் ஜோடியாக இருக்கும், அதனால் ஒன்று கிடைத்தால் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்.